அந்த 23 தொடர்புகள் எங்கே போயின?

ஹாம் என்னும் அமெச்சூர் வானொலியில் தென் மாநிலங்களுக்கான இரண்டு மீட்டர் அலைவரிசைப் போட்டியை நடத்தும் குழுவினருக்கு,

பிப்ரவரியில் நடந்த போட்டிக்குச் செப்டம்பர் கடைசியில் முடிவு வெளியிட்டிருக்கிறீர்கள். ஒரே ஒரு பக்கம். வரிசை எண், அழைப்புக்குறி, மொத்தப் புள்ளி, அவ்வளவுதான். அதில் 31ஆவது வரியில் இருக்கும் குறி என் மாணவியுடையது. அவள் அனுப்பிய கணக்கு 61 தொடர்பு, 9 கட்டம் (வரைபடக் கட்டம், கீழே விளக்குகிறேன்), 549 புள்ளி. நீங்கள் போட்டிருப்பது 152. ஏன் என்று கேட்டு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றாவதற்குத்தான் பதில் வந்தது: உரிம முகவரிப்படி அவளுடைய கட்டம் எம்கே80, அவள் சொன்னது எம்கே90, அது தவறு, 23 தொடர்புகள் எதிர் லாக்கில், அதாவது மறுமுனையில் பேசியவர் அனுப்பிய பதிவேட்டில் இல்லை, குழுவின் முடிவே இறுதியானது. தனியாகக் கேட்டுத் தீராததால் இப்போது எல்லோர் முன்னாலும் கேட்கிறேன்.

தோற்ற ஆத்திரத்தில் எழுதுகிறான் என்று நினைத்துவிடாதீர்கள். நான் உரிமம் வாங்கியது 1991இல். கிரேடு டூவுக்கே நிமிடத்துக்கு ஐந்து சொல் மோர்ஸ் எடுக்க வேண்டியிருந்த காலம். அன்றிலிருந்து எத்தனையோ போட்டியில் கலந்திருக்கிறேன். ஒன்றில்கூட முதல் பத்தில் வந்ததில்லை, இரண்டு முறை கடைசியாக வந்திருக்கிறேன். கடைசியாக வந்த அந்த இரண்டு தடவையும் ஏன் கடைசி என்று எனக்குத் தெரியும். இந்தப் பெண்ணுக்கு அதுதான் தெரியவில்லை.

அவள் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு. அப்பாவுக்குத் திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வேலை. நான் பணி ஓய்வு பெற்ற பிறகும் சனிக்கிழமைகளில் லேபுக்குப் போய் நாலு பிள்ளைகளுக்கு வானொலி சொல்லிக் கொடுத்து வருகிறேன். அவர்களில் தேர்வு எழுதி ரெஸ்ட்ரிக்டட் கிரேடு உரிமம் வாங்கியவர்கள் இரண்டு பேர், இவள் ஒருத்தி. போட்டி அறிவிப்பு வந்ததும் ஆன்டெனா கட்டுவோம் என்றாள். 145 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலைநீளம் ஒரு மீட்டரும் கொஞ்சமும். சிக்னல் ஏறும் கம்பியான டிரிவன் எலிமென்ட்டை 97 சென்டிமீட்டருக்கு வெட்டினோம். அலுமினியக் கம்பியை அளந்து வெட்டியதும் பிவிசி பைப்பில் ஓட்டை போட்டதும் அவள் அப்பாதான். பூட்டுக்குத் துளை போட்ட கை. ஐந்து எலிமென்ட்டும் ஒரே நேர்கோட்டில் நின்றன. கடையில் வாங்கிய யாகி ஆன்டெனாகூட அவ்வளவு ஒழுங்காக இருந்து நான் பார்த்ததில்லை.

போட்டிக்கு முந்தின நாள் சிறுமலை ஏறினோம். 18 கொண்டை ஊசி வளைவு, ஜீப்பில் பின்னால் மூங்கில் கம்பு, ஒரு பேட்டரி, பத்து வாட் ரிக் (வானொலிக் கருவி). கிழக்குச் சரிவில், நத்தம் பக்கம் பார்த்த மாதிரி இருக்கும் ஒரு நண்பரின் எலுமிச்சைத் தோட்டத்தில் கூடாரம். இடம் மாறி இயங்குவதைப் பற்றித் தகவல் அனுப்ப வேண்டிய இடத்துக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டோம், நகல் இருக்கிறது. ராத்திரி தோட்டத்து வேலி ஓரம் காட்டு மாடுகள் வந்து நின்றன. அப்பாவும் நானும் மாற்றி மாற்றி விழித்திருந்தோம். அவள் மட்டும் நன்றாகத் தூங்கினாள்.

காலை ஆறு மணிக்குப் போட்டி தொடங்கியது. மூடுபனியில் எதிரே இருந்த மரம்கூடத் தெரியவில்லை. முதல் இருபது நிமிடம் அவளுக்குக் குரலே எழும்பவில்லை. அப்புறம் தூத்துக்குடியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். நேர்க்கோட்டில் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். பத்து வாட், பட்டறையில் செய்த யாகி, நடுவில் வாங்கி அனுப்பும் ரிப்பீட்டர் கிடையாது. "ஃபைவ் நைன், சீரியல் நம்பர் த்ரீ" என்று சிக்னல் தரத்தையும் வரிசை எண்ணையும் அவள் சொல்லி, அவர் அதைத் திருப்பிச் சொல்லி, கட்டம் வாங்கி, கட்டம் கொடுத்து, முடிந்தது. மைக்கை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தத் தொடர்பு நீங்கள் அழித்த 23இல் ஒன்று.

கட்டம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். இதைப் படிக்கும் ஹாம் அல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், குழுவினர் பொறுத்துக்கொள்ளவும். பூமியைத் தீர்க்கரேகையில் 2 பாகை, அட்சரேகையில் 1 பாகை என்று கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு எழுத்தும் இரண்டு எண்ணும் கொடுப்பது மெய்டன்ஹெட் முறை. 1980இல் இங்கிலாந்தில் அந்தப் பெயருள்ள ஊரில் கூடிய விஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) பொறுப்பாளர்கள் ஏற்றுக்கொண்டது. விஎச்எஃப் போட்டிகளில் எத்தனை கட்டங்களைத் தொட்டோம் என்பதை வைத்துப் புள்ளி பெருகும். இந்தக் கோடுகளுக்கு மாவட்டமும் தெரியாது, பின்கோடும் தெரியாது. மதுரை நகரம் எம்ஜே99. அழகர்கோயில் வரை போனால் எம்கே90. தாம்பரத்தில் இருப்பவர் என்கே02, எழும்பூரில் இருப்பவர் என்கே03.

78 பாகைக் கோடு திண்டுக்கல் நகரத்துக்குக் கிழக்கே மூன்று நான்கு கிலோமீட்டரில் ஓடுகிறது. நகரம் எம்கே80. சிறுமலையின் கிழக்குச் சரிவு கோட்டைத் தாண்டி எம்கே90. அவள் வீடு எம்கே80இல் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அவள் அன்று வீட்டில் இல்லையே. ஜிபிஎஸ் காட்டிய அட்ச, தீர்க்கரேகையோடு கூடாரத்தின் படத்தை லாக்கோடு சேர்த்து அனுப்பியிருந்தாள். உங்கள் விதியிலேயே "இயங்கும் இடத்தின் கட்டம்" என்றுதான் இருக்கிறது. விதியை எழுதிவிட்டு, சரிபார்க்கும்போது உரிம முகவரியை எடுத்துப் பார்த்தால் எப்படி? மலை ஏறினால் தூரம் கேட்கும் என்பதற்காகத்தானே ஊர் ஊராக ஆட்கள் கம்பைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகிறார்கள்?

இதில் அடி வாங்கியது அவள் மட்டுமல்ல. அவள் எம்கே90 என்று சொன்னதைச் சரியாகக் கேட்டு, சரியாக எழுதியவர்கள் எல்லோருக்கும் "கட்டம் தவறு" என்று புள்ளி போயிருக்கிறது. முடிவு வந்த மூன்றாம் நாள் ஒரு மூத்த ஹாம் எனக்குப் போன் செய்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். "சார், உங்க பொண்ணு கட்டத்த மாத்திச் சொன்னதுல என் பாயிண்ட் போச்சு" என்றார். கோபமாகக்கூட இல்லை, வருத்தமாகச் சொன்னார். போன் ஸ்பீக்கரில் இருந்தது, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் சரியாகச் சொன்னாள், அவர் சரியாகக் கேட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் தவறைப் புகுத்தியது உங்கள் கணக்கு. அவரிடம் விளக்கிச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. மற்றவர்களுக்கு யார் போன் போட்டுச் சொல்வது?

அடுத்து, "எதிர் லாக்கில் இல்லை". எந்த 23 என்றுகூட நீங்கள் சொல்லவில்லை. முதல் மின்னஞ்சலுக்குப் பதில் வராதபோதே அவள் தன் லாக்கை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் இருப்பவர்கள் எல்லோரையும் ஒவ்வொருவராகப் போனிலும் காற்றிலும் பிடித்துக் கேட்க ஆரம்பித்துவிட்டாள். மூன்று வாரம் ஆயிற்று. லாக் அனுப்பினீர்களா, எப்படி எழுதினீர்கள், உங்கள் நோட்டில் நான் இருக்கிறேனா. கடைசியில் 23ம் தேறின. 11 பேர் உங்களுக்கு லாக்கே அனுப்பவில்லை. 7 பேர் நேரத்தை இந்திய நேரத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். 3 அவளுடைய பிழை. இரண்டு என்னவென்று இன்னும் பிடிபடவில்லை.

முதலில் அவளுடைய பிழை. ஒரு குறியில் பிராவோ (B) என்றதை டெல்டா (D) என்று எழுதியிருக்கிறாள். இன்னொன்றில் 15 என்றதை 50 என்று. ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் எஃப்எம் இரைச்சலில் எத்தனை பேரைக் கவிழ்த்திருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவதில் ஒரே ஆளை இரண்டு தடவை எழுதியிருக்கிறாள். இந்த மூன்றையும் வெட்டியது நியாயம். அந்தப் பிடிபடாத இரண்டையும்கூட வெட்டிக்கொள்ளுங்கள்.

ஆனால் லாக் அனுப்பாத 11 பேர்? ஒருவர் தன் லாக்கை அனுப்பவில்லை என்றால் ஒப்பிட்டுப் பார்க்க எதிர் லாக்கே கிடையாது. இல்லாத லாக்கில் ஒரு தொடர்பு "இல்லை" என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? எதிராளி லாக் அனுப்பி, அதில் நம் பெயர் காணாமல் போனால்தான் அந்தக் காரணத்துக்காக வெட்டுவது. பெரிய போட்டிகள் பலவற்றில் அதுதான் வழக்கம். நீங்கள் செய்திருப்பதைப் பார்த்தால் ஒரு புதியவருக்குத் தொடர்பு கொடுத்த பெரியவர் சோம்பல்பட்டு லாக் அனுப்பாமல் விட்டால் தண்டனை புதியவருக்கு. அந்த 11 பேரில் 8 பேர் தங்கள் நோட்டைப் புரட்டிப் பார்த்து அவளுடைய குறியையும் நேரத்தையும் உறுதி செய்தார்கள். 6 பேர் தொடர்பை உறுதி செய்யும் கியூஎஸ்எல் அட்டையே அனுப்பிவிட்டார்கள். தூத்துக்குடிக்காரரின் அட்டையில் ஒரு உப்பளத்தின் படம் இருக்கிறது. அவள் அதை மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாள்.

நேர விஷயம் இன்னும் வேடிக்கை. விதியில் நேரம் யூடிசி, அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் ஓடும் உலகப் பொது நேரம், என்று இருக்கிறது. சரி. ஆனால் ஹாம்கள் கூடிப் பேசும் வானொலி வலையில் உங்கள் ஆட்கள் அறிவித்ததெல்லாம் "காலை ஆறு முதல் மாலை ஆறு வரை". கணினி இல்லாதவர்களுக்காக நீங்களே அச்சடித்துக் கொடுத்த லாக் தாளில் அந்தப் பத்திக்கு மேலே "நேரம்" என்று மட்டும்தான் போட்டிருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்து 6.20 என்று எழுதியவர், அதிலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து 00.50 என்று எழுதியிருக்க வேண்டுமாம். ஏழு பேரின் லாக்கிலும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எல்லா நேரமும் சரியாக ஐந்தரை மணி முன்னால் நிற்கிறது. பார்த்தவுடன் புரிகிற விஷயம் இது. மொத்த லாக்கையும் ஒரே அளவு நகர்த்தி வைத்து ஒப்பிட்டால் வேலை முடிந்தது. நீங்கள் நகர்த்தவில்லை. ஆகவே அந்த ஏழு பேரோடு பேசிய அத்தனை பேருக்கும் ஒவ்வொரு தொடர்பு போயிருக்கும். எத்தனை பேருக்கு என்று எனக்குத் தெரியாது, லாக்குகள் உங்களிடம்தான் இருக்கின்றன.

அந்த 18 தொடர்புகளோடு ஐந்து கட்டங்களும் போயின. திருநெல்வேலிப் பக்கம் எம்ஜே88, தூத்துக்குடிக்கு எம்ஜே98, கம்பத்திலிருந்து எம்ஜே89, திருவண்ணாமலைக்கு எம்கே92, பெங்களூருக்கு எம்கே82. இந்த ஐந்திலும் அவளுக்குக் கிடைத்தது ஒவ்வொருவர்தான். தூரத்தில் தனியாக இருப்பவர்தான் கட்டத்தைக் கொண்டுவருகிறார், அவர் போனால் கட்டமும் போகும். ஆகவே அருகிலேயே பத்துப் பேரைப் பிடித்தவருக்கு உங்கள் கத்தி அவ்வளவாக வலிக்காது. மலை ஏறி, குளிரில் உட்கார்ந்து, தூரத்து ஒற்றைக் குரலைத் தேடியவருக்குத்தான் கழுத்திலேயே விழும். 38 தொடர்பு, 4 கட்டம், 152. கணக்குப் பெருக்கல் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் எல்லோரும் சம்பளம் இல்லாமல் சொந்த நேரத்தில் இதைச் செய்கிறீர்கள் என்பதை மறக்கவில்லை. பட்டியலின் மேல் வரிசையில் குழு உறுப்பினர் இருவரின் குறி இருப்பதைப் பற்றிச் சிலர் என்னிடம் ஏதேதோ சொன்னார்கள். அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் இருவரையும் காற்றில் பல வருடமாகக் கேட்டு வருகிறேன், நல்ல காது உள்ளவர்கள். ஆனால் லாக்குகளைப் பூட்டி வைத்துக்கொண்டு மொத்தத்தை மட்டும் காட்டினால் அப்படிப் பேச்சு வரத்தான் செய்யும். சிக்யூ வேர்ல்டுவைட் என்ற உலக ஹாம் போட்டிக்கு ஆயிரக்கணக்கான லாக் வருகிறது. போட்டி முடிந்த ஐந்து நாளில் லாக் கேட்கிறார்கள். வந்த லாக்குகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்கிறார்கள். எந்தத் தொடர்பு ஏன் போனது என்று வரிவரியாகச் சரிபார்ப்பு அறிக்கை கொடுக்கிறார்கள். அங்கே புள்ளி இழந்த என் நண்பர் ஒருவர் அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் தன் காதுக்கு எந்த எழுத்து பிடிபடுவதில்லை என்றே தெரிந்துகொண்டார். நம் போட்டிக்கு வந்த லாக் நூறுகூட இல்லை. லாக் அனுப்ப எங்களுக்கு ஏழு நாள் கொடுத்தீர்கள். எட்டாம் நாள் அனுப்பிய ஒருவரைச் சேர்க்க மறுத்தீர்கள். முடிவு சொல்ல நீங்கள் எடுத்துக்கொண்டது ஏழு மாதம்.

ஒரு பொழுதுபோக்குப் போட்டிக்கு இவ்வளவு எழுத வேண்டுமா என்று வீட்டிலேயே கேட்டார்கள். 2004 டிசம்பர் 26 அன்று போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் குழுவினர் இருந்தது அந்தமானிலிருந்து உலகத்தோடு ஹாம் தொடர்பு கொள்வதற்காக, அதாவது இதே மாதிரி ஒரு பொழுதுபோக்குக்காகத்தான். சுனாமி அடித்ததும் வியூ4ஆர்பிஐ என்ற அந்த நிலையம்தான் தீவுகளுக்கும் வெளியே இருந்தவர்களுக்கும் நடுவில் செய்தி கொண்டுபோனது. கூட்டத்துக்கும் இரைச்சலுக்கும் நடுவில் ஒரு குறியைச் சரியாகக் கேட்டு எழுதும் பழக்கம் இந்த மாதிரி நாட்களில்தான் வருகிறது. சரியாகக் கேட்டு எழுதியவளிடம் "நீ எழுதியது தவறு" என்று காரணம் காட்டாமல் சொன்னால், அடுத்த தடவை அவள் தன் காதை நம்புவாளா?

முடிவு வந்ததிலிருந்து ரிக் மேல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள். யாகி பட்டறையில் ஒரு மூலையில் சாய்ந்து கிடக்கிறது. அவள் அப்பா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கம்பி அளவு ஏதும் தப்பாப் போச்சுங்களா சார்?"

நான் கேட்பது இவைதான். அந்தப் பட்டியலைத் திரும்பப் பெறுங்கள். வந்த லாக்குகள் அனைத்தையும், போன் எண்ணும் முகவரியும் நீக்கி, எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். கலந்துகொண்ட ஒவ்வொருவருக்கும், எந்தத் தொடர்பு எந்தக் காரணத்துக்காக வெட்டப்பட்டது என்று எழுதி அனுப்புங்கள். லாக் அனுப்பாதவரோடு கொண்ட தொடர்பை "எதிர் லாக்கில் இல்லை" என்று வெட்டியதை ரத்து செய்யுங்கள். ஐந்தரை மணி முன்னால் நிற்கும் லாக்குகளை நகர்த்தி வைத்து மறுபடி ஒப்பிடுங்கள். கட்டத்தை இயங்கிய இடத்தை வைத்து முடிவு செய்யுங்கள். எம்கே90 என்று எழுதியதற்காகப் புள்ளி இழந்தவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுத்து, தவறு அவர்களுடையதும் அல்ல, அவளுடையதும் அல்ல என்று ஒரு வரி எழுதுங்கள். இவ்வளவும் செய்தால் அவளுக்கு 56 தொடர்பு, 9 கட்டம், 504 புள்ளி வரும். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அது எத்தனையாவது இடமோ, இருந்துவிட்டுப் போகட்டும்.

வரும் பிப்ரவரிக்கான அறிவிப்புக்கு முன்னால் இன்னும் இரண்டு. லாக் தாளில் "நேரம்" என்பதற்குப் பக்கத்தில் "யூடிசி" என்று அச்சடியுங்கள், ஆறு மணிக்கு எதிரே 00.30 என்று உதாரணமும் போடுங்கள். இறுதி முடிவுக்கு முன் தற்காலிக முடிவு ஒன்றை வெளியிட்டு, ஆட்சேபம் சொல்ல முப்பது நாள் கொடுங்கள். ஒப்பிடும் வேலைக்கு ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள். இவளும் கூடப் படிக்கும் பையனும் பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருக்கிறார்கள். நூறு லாக்கை ஒரு சாயங்காலத்தில் ஒப்பிட்டுவிடும். நிரலைக் குழுவுக்குக் கொடுத்துவிடத் தயார். ஓட்டிப் பார்ப்பது நீங்களாகவே இருக்கட்டும்.

டிசம்பர் 31க்குள் பதில் வேண்டும். எனக்கு எழுத வேண்டாம், அவளுக்கு எழுதுங்கள். முகவரி உங்களிடம் இருக்கிறது. கட்டத்துக்காக எடுத்துப் பார்த்தீர்களே, அதே உரிமத்தில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவர்,
திண்டுக்கல்